முரளிக்குப் பக்கத்தில் அஷ்வின்

ரவிச்சந்திரன் அஷ்வின் 2024 டிசம்பர் 18 அன்று, பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு, சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். 106 டெஸ்ட், 537 விக்கெட், விக்கெட்டுக்கு 24 ரன். இந்தியர்களில் அனில் கும்ப்ளே (619) மட்டுமே அவருக்கு மேலே இருக்கிறார். அன்றே தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. எல்லாக் காலத்துக்குமான சுழல் பந்துவீச்சாளர்களை வரிசைப்படுத்தினால், இவரை எங்கே உட்கார வைப்பது?

இந்த வழக்கு குமரி மாவட்டத்துக் கீரிப்பாறையில் நடக்கும்போது அதற்கு இன்னொரு முகமும் உண்டு. நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாக காளிகேசத்துக்கு ஏறுகிற பாதையில், மலையடிவாரம் முழுக்க அரசு ரப்பர் கழகத்தின் மரங்கள்தான். குமரி மாவட்டத்தின் அரசு ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களில் பல குடும்பங்கள் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அதன்படி கப்பலேறி வந்தவர்களுக்கு வேலை கொடுத்த இடங்களில் இந்தத் தோட்டங்களும் சேர்த்தி. முத்தையா முரளிதரனின் தாத்தாவும் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குப் போனவர்தான். பின்னால் அவர் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிட, மகன் கண்டியில் தங்கி பிஸ்கட் தொழில் தொடங்கினார். தோட்ட வரிசை வீடுகளான லயங்களின் வாழ்க்கையை நினைவில் வைத்திருக்கிற ஒரு தலைமுறைக்கு முரளி வேற்று நாட்டு ஆட்டக்காரர் இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பையன். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கோ சேப்பாக்கத்து அஷ்வின்தான் கணக்கு. ஒரே வீட்டுத் திண்ணையில் இரண்டு கட்சி.

பாசத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், அஷ்வினை அளக்க முரளியைவிடப் பொருத்தமான கோல் கிடையாது. இருவரும் வலக்கை ஆஃப் ஸ்பின்னர்கள். இருவரும் தமிழர்கள். டெஸ்ட்டில் 350 விக்கெட்டை மிகக் குறைந்த ஆட்டங்களில் எட்டியவர்கள் என்ற பெயரைப் பங்குபோட்டுக் கொண்டவர்கள். இருவருக்குமே 66 டெஸ்ட் பிடித்தது. தொடர் நாயகன் விருதை இருவரும் பதினோரு முறை வாங்கியிருக்கிறார்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியில் ஒருவர் விடைபெறும் வயதிலும் ஒருவர் தொடங்கும் வயதிலும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு பந்து வீசியிருக்கிறார்கள். இவ்வளவு ஒற்றுமை இருக்கும் இடத்தில்தான் வேற்றுமை துல்லியமாகத் தெரியும்.

அளக்கும் முறை

காலம் வேறு, களம் வேறு என்றிருக்கும்போது வெறும் எண்ணிக்கையை அடுக்கினால் நியாயம் பிறக்காது. இந்தச் சிக்கலோடு நூறு ஆண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டி வருவது அமெரிக்காவின் பேஸ்பால். அங்கே பந்தை எறிகிறவருக்குப் பிட்சர் என்று பெயர். சை யங் என்ற பிட்சர் 1890 முதல் 1911 வரை ஆடி 511 வெற்றிகளைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். இனி அந்த எண்ணை யாரும் தொடப்போவதில்லை. அந்தக் காலத்தில் ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சரே பெரும்பாலும் முடித்தும் வைப்பார். இன்று பாதி தாண்டியதும் ஆளை மாற்றிவிடுகிறார்கள். எனவே அவர்கள் வேறு வழி கண்டார்கள். ஒரு பிட்சர் கொடுத்த ஓட்டங்களை அதே ஆண்டில், அதே லீக்கில் மற்ற பிட்சர்கள் கொடுத்த ஓட்டங்களோடு ஒப்பிட்டு, சராசரி ஆளுக்கு 100 என்று வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். 2000ஆம் ஆண்டு பெட்ரோ மார்ட்டினஸ் ஓர் ஆட்டத்துக்கு 1.74 ஓட்டம்தான் கொடுத்தார். அவர் லீக்கில் மற்றவர்கள் ஏறக்குறைய ஐந்து கொடுத்தார்கள். அவருக்குக் கிடைத்த மதிப்பெண் 291. யங்கின் 511ஐவிட இந்த 291 பெரிய சாதனை என்று வாதாட இப்படி ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது.

கிரிக்கெட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட அப்படி ஓர் அளவு இல்லை. அதனால் கையால்தான் அளக்க வேண்டும். எவ்வளவு வேலை செய்தார், எந்த மண்ணில் செய்தார், யாருக்கு எதிராக யாருடைய துணையோடு செய்தார் என்று மூன்று கேள்விகளை இருவரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

வேலைச் சுமை

முரளிதரன் 133 டெஸ்ட்டில் 800 விக்கெட் எடுத்தார், சராசரி 22.72. ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் 67 முறை, ஓர் ஆட்டத்தில் பத்து விக்கெட் 22 முறை. அஷ்வினுக்கு முன்னது 37, பின்னது 8. டெஸ்ட்டுக்கு எத்தனை என்று பார்த்தால் முரளிக்கு 6, அஷ்வினுக்கு 5. இந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்துபோகிறவர்கள் உண்டு.

ஆனால் பந்துக் கணக்கைப் பார்க்க வேண்டும். முரளி தன் டெஸ்ட் வாழ்வில் வீசியது 44,039 பந்து. ஓர் ஆட்டத்துக்கு 55 ஓவர். அஷ்வின் வீசியது 27,246. ஆட்டத்துக்கு 43 ஓவருக்கும் சற்றுக் குறைவு. ஒரு விக்கெட்டுக்கு முரளிக்கு 55 பந்து தேவைப்பட்டது. அஷ்வினுக்கு 51க்குள் முடிந்தது. அதாவது பந்தைக் கையில் வாங்கினால் விரைவாக ஆளைத் தூக்கியவர் அஷ்வின். முரளியின் எண்ணிக்கை பெருத்ததற்கு ஒரு காரணம், பந்து அவர் கையை விட்டுப் போகவே இல்லை என்பது.

அது ஏன் போகவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முரளி ஆடிய ஆட்டங்களில் இலங்கை எடுத்த விக்கெட்டுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவை அவருடையவை. சமிந்த வாஸைத் (355 விக்கெட்) தவிர அந்த நீண்ட காலத்தில் உடன் நின்ற பந்துவீச்சாளர் என்று சொல்ல அதிகம் பேர் இல்லை. ஆட்டம் இலங்கையின் கையை விட்டுப் போகும் நாளிலும், எதிரணி 400ஐத் தாண்டிய மாலையிலும், ஒரு முனையில் அவர்தான். களைத்துப்போய் வீசிய ஓவர்களும் செத்த ஆடுகளத்தில் வீசிய ஓவர்களும் அந்த 55க்குள் அடக்கம். அஷ்வினுக்கு மறுமுனையில் ரவீந்திர ஜடேஜா இருந்தார். இந்திய மண்ணில் அவருடைய சராசரி அஷ்வினுக்குச் சற்றும் தாழ்ந்ததல்ல. வேகத்தில் ஷமி, பும்ரா, இஷாந்த், உமேஷ் என்று வரிசை. அவர் அதிக ஓவர் வீசுவதற்கு முன்பே எதிரணி பல நேரம் சுருண்டுவிடும். ஆகவே 51 பந்துக்கு ஒரு விக்கெட் என்பதில் அஷ்வினின் கூர்மையும் உண்டு, கூட்டாளிகள் கொடுத்த நெருக்கடியும் உண்டு.

துணைவர் நல்லவராக இருப்பது விக்கெட்டைக் கொண்டுவரும். பங்கு போட்டும் கொள்ளும். முரளிக்கு ஜடேஜா இருந்திருந்தால் சராசரி குறைந்திருக்கும், 800 வந்திருக்காது. அஷ்வினுக்கு ஜடேஜா இல்லாமல் போயிருந்தால் எண்ணிக்கை 600ஐத் தாண்டியிருக்கும், சராசரி ஏறியிருக்கும். வேலைச் சுமை என்ற கேள்வியில் முரளியை ஒரு படி மேலே வைக்கலாம். ஆனால் 800க்கும் 537க்கும் இடையே உள்ள தூரம் முழுவதும் திறமையின் தூரம் இல்லை.

கை வேலை

இருவருமே சுழலைக் கையில் எடுத்துப் பிறந்தவர்கள் அல்ல. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகம் வீசிக்கொண்டிருந்த முரளியைப் பதினான்கு வயதில் ஆஃப் ஸ்பின்னுக்கு மாற்றியவர் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. அஷ்வின் சிறு வயதில் தொடக்க ஆட்டக்காரர். பின்னால்தான் சுழல் வந்தது.

அதற்குப் பிறகு பாதை பிரிகிறது. சாதாரண ஆஃப் ஸ்பின்னர் விரலால் சுழற்றுவார். முரளி மணிக்கட்டால் சுழற்றினார். பிறவியிலேயே முழுதும் நீளாத முழங்கை, தாராளமாகச் சுழலும் தோள், வளைந்து கொடுக்கும் மணிக்கட்டு எல்லாம் சேர்ந்து, லெக் ஸ்பின்னருக்குக் கிடைக்கிற அளவுத் திருப்பத்தை ஆஃப் ஸ்பின்னுக்குக் கொண்டுவந்தன. 1998இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை அவர் கலைத்தது இப்படித்தான். இரண்டாம் இன்னிங்ஸில் 65 ரன் கொடுத்து 9 விக்கெட், ஆட்டத்தில் மொத்தம் 16. சுழலுக்குப் பேர்போன ஆடுகளம் அல்ல அது. பின்னாளில் எதிர்ப்பக்கம் திரும்பும் தூஸ்ராவும் சேர்ந்தபோது, கையைப் பார்த்துப் பந்தைப் படிப்பது பலருக்குக் கைவிட வேண்டிய வேலையாயிற்று.

அஷ்வின் விரல்காரர். உயரம் உண்டு, அதனால் துள்ளல் உண்டு. ஆனால் முரளிக்குக் கிடைத்த திருப்பம் கிடையாது. அதை ஈடுகட்ட அவர் சேர்த்துக்கொண்டது கணக்கு. சென்னை மேற்கு மாம்பலத்துத் தெரு கிரிக்கெட்டில் டென்னிஸ் பந்தை நடுவிரலால் சுண்டிவிடும் சொடக்குப் பந்து புழக்கத்தில் இருந்தது. கனமான கிரிக்கெட் பந்தில் அதைப் பழகி டெஸ்ட் மேடைக்கு ஏற்றினார். அதோடு நிற்கவில்லை. ஓடிவரும் கோணம், பந்தை விடும் இடம், தையலின் சாய்வு, காற்றில் விலகும் அளவு எல்லாவற்றையும் தொடருக்குத் தொடர் மாற்றினார். ஒரு வருடம் பார்த்த அஷ்வினை அடுத்த வருடம் தேடினால் கிடைக்க மாட்டார்.

கீரிப்பாறைக்காரருக்கு இதை விளக்க எளிய வழி உண்டு. பால் வெட்டும் கத்தி பட்டைக்குள் மயிரிழை கூடுதலாக இறங்கினால் மரத்துக்குக் காயம். மயிரிழை குறைந்தால் பால் வடியாது. ஆஃப் ஸ்பின்னின் நீளமும் அப்படித்தான். முரளிக்குத் திருப்பம் பெரிதாக இருந்ததால் அந்த மயிரிழை சற்று அகலம். நீளம் கொஞ்சம் தவறினாலும் பந்து திரும்பிக் காப்பாற்றிவிடும். அஷ்வினுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் ஒவ்வொரு பந்தையும் இடம் பார்த்தே வைக்க வேண்டியிருந்தது.

அந்தக் கணக்குக்கு மிகப் பெரிய சாட்சி இடக்கை ஆட்டக்காரர்கள். டெஸ்ட் வரலாற்றில் இடக்கை ஆட்டக்காரர்களை 250 முறைக்கு மேல் வீழ்த்திய பந்துவீச்சாளர் அஷ்வின் ஒருவர்தான். பென் ஸ்டோக்ஸ் 13 முறை, டேவிட் வார்னர் 11 முறை அவரிடம் விழுந்தார்கள். இடக்கைக்காரருக்கு ஆஃப் ஸ்பின் வெளியே போகும் பந்து என்பது பால பாடம். உள்ளே வருமா, நேரே போகுமா, வெளியே போகுமா என்று தெரியாமல் அவர்களைத் திணற வைத்தது அஷ்வினின் சொந்தச் சரக்கு. 2015இல் இலங்கையில் குமார் சங்கக்காரா தன் கடைசி இரண்டு டெஸ்ட்டை ஆடினார். நான்கு இன்னிங்ஸிலும் அவரை வெளியேற்றியவர் அஷ்வின்.

இயற்கை கொடுத்ததை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஒருவர், கொடுக்காததைத் தேடிச் சேர்த்தவர் மற்றவர் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அது முரளிக்கு அநியாயம். வளைந்த கை மட்டும் 800 விக்கெட் எடுக்காது. ஒரே இடத்தில் ஆயிரம் முறை பந்தை இறக்கும் பயிற்சியும், அடி வாங்கிய பிறகும் சிரித்துக்கொண்டே மறுபடி காற்றில் தூக்கிப்போடும் நெஞ்சும் வேண்டும். கற்பனையில் அஷ்வினை மேலே வைக்கலாம். பந்தின் வலுவில் முரளிக்கு ஈடு இல்லை.

எந்த மண்

இனி மண்ணுக்கு வருவோம். இலங்கையில் முரளி ஆடியது 73 டெஸ்ட், எடுத்தது 493 விக்கெட், சராசரி 19.56. இந்தியாவில் அஷ்வின் ஆடியது 65 டெஸ்ட், 383 விக்கெட், சராசரி 21.57. ஆட்டத்துக்கு முரளிக்கு 6.8, அஷ்வினுக்கு 5.9. சொந்த மண்ணில் இருவரும் ராஜாக்கள். முரளி சற்றுப் பெரிய ராஜா.

வெளியே போனால் இடைவெளி அகலமாகிறது. முரளி 60 ஆட்டத்தில் 307 விக்கெட், சராசரி 28ஐ ஒட்டி. அஷ்வின் 41 ஆட்டத்தில் 154 விக்கெட், சராசரி 30. சராசரியைப் பார்த்தால் இரண்டு ரன்தான் வித்தியாசம். ஆனால் ஆட்டத்துக்கு முரளிக்கு ஐந்துக்கு மேல், அஷ்வினுக்கு நான்குக்குக் கீழ். இங்கிலாந்தில் முரளி 6 டெஸ்ட்டில் 48 விக்கெட், சராசரி 19. அஷ்வின் 7 டெஸ்ட்டில் 18 விக்கெட், சராசரி 28.

2018 இங்கிலாந்துப் பயணம் அஷ்வினின் இரு முகத்தையும் ஒரே தொடரில் காட்டியது. பர்மிங்காமில் முதல் டெஸ்ட்டில் 7 விக்கெட். அலஸ்டர் குக்கை இரண்டு இன்னிங்ஸிலும் ஒரே மாதிரிப் பந்தில் போல்டாக்கினார். சவுத்தாம்ப்டனில் ஆடுகளம் சுழலுக்கு உதவிய நான்காவது டெஸ்ட்டில், காயத்தோடு ஆடிய அவருக்குக் கிடைத்தவை 3. எதிரணியின் மொயீன் அலிக்கு 9. அதற்கும் முன்பு, 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் டெஸ்ட்டில் 42 ஓவர் வீசியும் ஒரு விக்கெட்கூட இல்லை. 458 இலக்கைத் துரத்திய தென்னாப்பிரிக்கா 450 வரை வந்து டிரா செய்தது.

முரளி பக்கத்திலும் கறுப்புப் பக்கங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 5 டெஸ்ட், 12 விக்கெட், சராசரி 75. இந்தியாவில் 11 டெஸ்ட், 40 விக்கெட், சராசரி 45. ஆஸ்திரேலியாவில் அஷ்வினும் வெற்றிக்கொடி நாட்டவில்லை. 11 டெஸ்ட்டில் 40 விக்கெட், சராசரி 42. ஆனாலும் அங்கே அவர் முரளியைவிட எவ்வளவோ மேல். குறிப்பாக 2020 டிசம்பரில் அடிலெய்டிலும் மெல்போர்னிலும் முதல் இன்னிங்ஸில் ஸ்டீவ் ஸ்மித்தைச் சொற்ப ரன்னில் அனுப்பியது. மெல்போர்ன் ஆட்டம் இந்திய நேரப்படி காலை ஐந்து மணி வாக்கில் தொடங்கியது. பால் வெட்டுகிறவர்கள் மரத்தடியில் நிற்கும் நேரம்.

ஒருவர் மற்றவரின் மண்ணில் என்ன செய்தார் என்பது இன்னும் சுவையான கணக்கு. முரளி இந்தியாவில் எடுத்த 40 விக்கெட்டுக்குப் பதினோரு டெஸ்ட் பிடித்தது. அஷ்வின் இலங்கையில் ஆறே டெஸ்ட்டில் 38 எடுத்தார், சராசரி 21 சொச்சம். இதை மட்டும் தனியே எடுத்துக் காட்டினால் அஷ்வின் கட்சி ஜெயித்துவிடும். ஆனால் முரளி எதிர்கொண்டது டெண்டுல்கர், டிராவிட், லட்சுமண், சேவாக், கங்குலி என்ற வரிசையை. சுழலை விளையாடிப் பழகிய கைகள் அவை. அஷ்வின் சந்தித்தது ஜெயவர்தன போய்விட்ட, சங்கக்காராவும் விடைபெற்றுக்கொண்டிருந்த இலங்கையை. எண் உண்மைதான். அதற்குப் பின்னால் நின்ற மட்டைகள் வேறு.

அதே நேர்மையை மறுபக்கமும் காட்ட வேண்டும். முரளியின் 800இல் 176 விக்கெட் ஜிம்பாப்வேயிடமும் பங்களாதேஷிடமும் எடுத்தவை. பங்களாதேஷ் அன்று டெஸ்ட் உலகின் புதுமுகம். இந்த இரண்டு அணிகளையும் கழித்துவிட்டால் முரளியின் சராசரி 22.72இலிருந்து 24.87க்கு ஏறுகிறது. அஷ்வினின் 24க்குச் சற்று மேலேயே போய்விடுகிறது. அஷ்வின் கட்சிக்கு இதுவே மிக வலுவான வாதம். அதற்குப் பதில் சொல்லவும் முடியும். அஷ்வினுக்கு 13 டெஸ்ட்டில் 75 விக்கெட் கொடுத்த மேற்கிந்தியத் தீவுகள் அணியும் பழைய வலுவில் இருந்த அணி அல்ல. முரளியின் உச்ச ஆண்டுகள் 2000த்தின் முதல் பத்தாண்டு. உலகெங்கும் மட்டைக்குச் சாதகமான தட்டை ஆடுகளங்களின் காலம் அது. அஷ்வினின் கடைசி ஏழெட்டு ஆண்டுகளில் எல்லா நாட்டிலும் பந்து மேலோங்கியது. இந்தியாவில் முதல் நாளிலிருந்தே திரும்பும் ஆடுகளங்கள் வழக்கமாயின. பேஸ்பாலில் செய்வதுபோல் அந்தந்தக் காலத்துச் சராசரியோடு வைத்துப் பார்த்தால், முரளியின் 24.87 அஷ்வினின் 24ஐவிடக் கடினமாகச் சம்பாதித்தது.

இரண்டு வழக்குகள்

இருவர் மேலும் நிரந்தரமாக ஒரு குற்றச்சாட்டு தொங்குகிறது. முரளியுடையது கை. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் நடுவர் டேரல் ஹேர் அவர் எறிவதாகச் சொல்லி ஏழு முறை நோபால் கொடுத்தார். அடுத்த சில நாட்களில் பிரிஸ்பேனில் ராஸ் எமர்சனும், 1999இல் அடிலெய்டில் மறுபடி எமர்சனும். 1996இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் செய்த சோதனைகள், முழங்கையின் பிறவி வளைவு கண்ணை ஏமாற்றுகிறது என்றன. 2004இல் தூஸ்ரா மறுபடி கேள்விக்கு உள்ளானது. அதே காலத்தில் மற்ற பந்துவீச்சாளர்களையும் கருவிகளால் அளந்து பார்த்தபோது, சுத்தமான கை என்று ஊரே நம்பிய பலருக்கும் முழங்கை சில பாகை நீள்வது தெரிந்தது. 2005இல் ஐசிசி எல்லோருக்கும் பொதுவாக 15 பாகை என்று வரம்பு வைத்தது. முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்பது பாதி உண்மை. அவரைச் சோதிக்கப் போய், விதி யாருக்குமே பொருந்தவில்லை என்று கண்டுபிடித்தார்கள் என்பதே முழுக்கதை. டெஸ்ட் வரலாற்றில் இவ்வளவு சோதனைக் கூடங்களுக்குப் போய்த் தேறிவந்த கை வேறொன்று இல்லை.

அஷ்வினுடையது ஆடுகளம். சாதகமான மண்ணில் வீசித்தான் இவ்வளவும் என்பது. 2012இல் இங்கிலாந்து இந்தியாவுக்கு வந்து தொடரை வென்றபோது அவருடைய 14 விக்கெட் ஒவ்வொன்றுக்கும் 52 ரன் போனது. அதே மண், அதே ஆள். அதன் பிறகு பந்துவீசும் முறையைத் திருத்திக்கொண்டு வந்தார். 2013 முதல் இந்தியா உள்நாட்டில் தொடர்ந்து 18 தொடர்களை வென்றது. 2024இல் நியூசிலாந்து 3–0 என்று அந்தச் சங்கிலியை அறுக்கும் வரை அந்தக் கோட்டையின் முதல் காவலாளி அவர்தான். திரும்புகிற ஆடுகளம் எதிரணிச் சுழலருக்கும் திரும்பும். அதே மண்ணில் வந்து தோற்றுப்போன சுழலர்களின் பட்டியல் நீளமானது.

ஆனால் ஒரு விஷயம் அஷ்வினைத் தொடர்ந்து வருத்தியது. வெளிநாட்டில் ஒரே ஒரு சுழலருக்குத்தான் இடம் என்றால் அணி பல முறை ஜடேஜாவைத் தேர்ந்தெடுத்தது. 2021 இங்கிலாந்துத் தொடரில் ஆடிய நான்கு டெஸ்ட்டிலும் அவர் வெளியே இருந்தார். 2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியிலும் வெளியே. முரளியை வெளியே உட்கார வைக்கலாமா என்ற கேள்வியே இலங்கையில் எழுந்ததில்லை. வரிசை எண் போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. வெளிநாட்டுக் கணக்கைத் திருத்தும் வாய்ப்பு அஷ்வினுக்குக் குறைவாகவே கிடைத்தது என்றும் வாதாடலாம், அவருடைய அணித் தலைவர்களே அவரை எப்படி மதிப்பிட்டார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

வெற்றியும் மட்டையும்

இலங்கை 1982இல் டெஸ்ட் ஆடத் தொடங்கியது. 1992 ஆகஸ்டில் முரளி அறிமுகமாகும் வரை அந்த அணி வென்றவை இரண்டே டெஸ்ட். 1985இல் இந்தியாவை, 1986இல் பாகிஸ்தானை. முரளி ஆடிய இலங்கை 54 டெஸ்ட்டை வென்றது. அந்த வெற்றிகளில் அவர் பங்கு 438 விக்கெட், சராசரி 16. ஒரு நாட்டின் டெஸ்ட் வரலாறு ஒருவர் தோளில் இந்த அளவுக்கு ஏறியதற்கு இணை தேடினால் நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹாட்லியிடம்தான் போய் நிற்க வேண்டும். அஷ்வின் வருவதற்கு முன்பே இந்தியா உலகின் முதல் இடத்தைப் பார்த்துவிட்ட அணி. வலுத்த அணியை வெல்ல முடியாத அணியாக்கியது அவர் வேலை, அதுவும் சிறியதல்ல.

மட்டையில் போட்டியே இல்லை. முரளியின் அதிகபட்சம் 67, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிய ஆனந்தம். அஷ்வின் 3,503 ரன், 6 சதம். 500 விக்கெட்டும் 3,000 ரன்னும் சேர்த்து வைத்திருப்பவர்கள் அவரும் ஷேன் வார்னும் ஸ்டூவர்ட் பிராடும் மட்டுமே. அந்த மூவரில் ஒன்றுக்கு மேல் சதம் அடித்தவர் அஷ்வின்தான். ஒரே டெஸ்ட்டில் சதமும் ஐந்து விக்கெட்டும் நான்கு முறை; அவற்றில் இரண்டு சேப்பாக்கத்தில், 2021இல் இங்கிலாந்துக்கு எதிராகவும் 2024இல் பங்களாதேஷுக்கு எதிராகவும். 2021 ஜனவரியில் சிட்னியில் முதுகைப் பிடித்துக்கொண்டு ஹனுமா விஹாரியோடு 128 பந்து நின்று ஆட்டத்தைக் காப்பாற்றியது தனிக்கதை. கேள்வி, யார் முழு ஆட்டக்காரர் என்றிருந்தால் விடை வேறு. நம் கேள்வி பந்துவீச்சு என்பதால் இந்தச் சரக்கைத் தராசில் ஏற்ற முடியாது.

எத்தனையாவது இடம்

முரளிதான் மேலே. ஜிம்பாப்வேயைக் கழித்தாலும், ஓவர் எண்ணிக்கையைச் சமன்செய்தாலும், கடைசியில் மிஞ்சுவது அயல் மண்ணில் ஆட்டத்துக்கு ஒரு விக்கெட்டுக்கு மேல் உள்ள வித்தியாசமும், தனியாளாகச் சுமந்த சுமையும். அதை அஷ்வினால் தாண்ட முடியவில்லை. ஒன்பது எதிரணிகளுக்கும் எதிராக ஆட்டத்தில் பத்து விக்கெட் எடுத்தவர் முரளி ஒருவரே. எல்லாச் சுழலரையும் சேர்த்தால் வார்னும் அஷ்வினுக்கு மேலே வருவார். ஆஃப் ஸ்பின்னர்களை மட்டும் எடுத்தால் அஷ்வின் முரளிக்கு அடுத்த நாற்காலி.

அந்த இரண்டாம் இடத்துக்குப் போட்டியாளர்கள் உண்டு. ஜிம் லேக்கர் 46 டெஸ்ட்டில் 193 விக்கெட், சராசரி 21.24, அஷ்வினைவிடக் குறைவு. ஆனால் அவற்றில் 46, 1956ஆம் ஆண்டின் ஒரே தொடரில், மழைக்கு மூடாத இங்கிலாந்து ஆடுகளங்களில் வந்தவை. லான்ஸ் கிப்ஸ் 309 விக்கெட் எடுத்து, 300ஐத் தொட்ட முதல் சுழலரானார். ஆனால் ஒவ்வொரு விக்கெட்டுக்கும் 88 பந்து காத்திருந்தார். எரப்பள்ளி பிரசன்னா காற்றில் பந்தைத் தொங்கவிட்ட அழகுக்கு இணை கிடையாது. 20 டெஸ்ட்டில் 100 விக்கெட் என்ற அவருடைய இந்தியச் சாதனை நாற்பது ஆண்டு நின்று, 18 டெஸ்ட்டில் அஷ்வினால்தான் உடைந்தது. சென்னையின் முந்தைய ஆஃப் ஸ்பின்னரான வெங்கட்ராகவனின் 156 விக்கெட்டுக்கு விலை 36 ரன். நேதன் லயன் எண்ணிக்கையில் அஷ்வினைத் தாண்டிவிட்டார். சுழலுக்கு உதவாத ஆஸ்திரேலிய மண்ணில் அதைச் செய்தார் என்பது பெரிய தகுதி. ஆனால் சராசரி 30ஐ ஒட்டி, விக்கெட்டுக்கு அஷ்வினைவிடப் பத்துப் பந்து கூடுதல். வெறும் மண்ணின் பேரில் அந்த இடைவெளியை முழுதும் தள்ளுபடி செய்ய முடியாது என்பதால் லயனை மூன்றாவதாக வைக்கிறேன். இந்த இடத்தை மட்டும் மறுபரிசீலனைக்குத் திறந்தே வைக்கலாம்.

கீரிப்பாறைத் திண்ணையின் இரண்டு கட்சிக்கும் சொல்ல ஒன்று உண்டு. 800க்கும் 537க்கும் இடையே உள்ள 263 விக்கெட்டைக் காட்டி அஷ்வினைச் சிறுமைப்படுத்துவது தவறு. அதில் பெரும்பகுதி ஓவர் வித்தியாசம். 24க்கும் 24.87க்கும் இடையே உள்ள ஒரு ரன்னைக் காட்டி அவரை மேலே ஏற்றுவதும் தவறு. அந்த ஒரு ரன் காலத்தின் வித்தியாசம். இடக்கை ஆட்டக்காரர் ஒருவர் களத்தில் நின்று, நான்காம் நாள் மாலை, ஆடுகளத்தில் வெடிப்பு விழுந்திருந்தால் பந்தை அஷ்வினிடம் கொடுப்பேன். எந்த நாடு, எந்த மண், எதிரே யார் என்று எதுவுமே சொல்லாமல் பந்தை ஒருவரிடம் கொடுக்கச் சொன்னால் முரளியிடம் கொடுப்பேன்.